போன் திரைக்கு மேலே மிதக்கும் உருவம்: உண்மையில் நடப்பது என்ன?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக சி.டி. உறையை வெட்டி ஒரு சிறிய பிரமிடு செய்திருக்கிறாள். போன் திரையில் அதைக் கவிழ்த்து வைத்து ‘ஹாலோகிராம்’ காட்டப் போகிறாளாம். ஆனால் உருவம் மங்கலாகவும் இரட்டையாகவும் தெரிகிறது. நான்கு பக்கங்களில் இரண்டில் ஓரளவு பளிச்சென்று இருக்கிறது. மற்ற இரண்டிலும் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. என்ன கோளாறு? இது உண்மையிலேயே ஹாலோகிராம்தானா? பேசாமல், கடைகளில் சுழல்கிறதே, அந்த எல்.இ.டி. விசிறியை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்:

இது ஹாலோகிராம் அல்ல. சாய்வாக நிறுத்திய ஒளிபுகும் தகட்டில் தெரியும் பிரதிபலிப்பு. 1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஆவியை உலவவிட்டுக் காட்டிய அதே வித்தை. ‘பெப்பரின் ஆவி’ என்றே அதற்கு இன்றும் பெயர். ஹாலோகிராம் இல்லை என்பதால் மகளின் முயற்சி மதிப்புக் குறைந்ததாகிவிடாது. எட்டாம் வகுப்பு மாணவி தன் கையாலேயே செய்து, தொடக்கம் முதல் முடிவு வரை தன் பாடப் புத்தக அறிவைக் கொண்டே விளக்கிவிடக்கூடிய காட்சிகள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. பலகையில் ‘ஹாலோகிராம்’ என்று எழுதி ஒட்டிவிட்டால் அந்த விளக்கத்தை அவளால் சொல்லவே முடியாமல் போய்விடும். எனக்கு அதுதான் கவலை.

இரவுப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண்ணாடிக்கு அப்பால் இருண்ட வயல்களின் மேல் நம் முகமும் பஸ்ஸின் உள்விளக்குகளும் மிதந்துகொண்டே வரும். பிரமிடிலும் நடப்பது அதுதான். தகடு தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை ஊடுருவ விட்டு, சிறு பகுதியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. சமதள ஆடியில் பொருள் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு தூரம் பின்னால் தெரியும் என்பது உங்கள் மகள் படித்த பாடம். போன் படுத்திருக்கிறது, தகடு 45 டிகிரி சாய்ந்திருக்கிறது, எனவே படுத்திருக்கும் திரையின் பிம்பம் எழுந்து செங்குத்தாக நிற்கிறது. அது நிற்கும் இடம் தகட்டின் பரப்புக்குப் பின்னால், ஏறக்குறைய பிரமிடின் நடுவில் இருக்கிறது.

இந்த ‘இடம்’ கண் கற்பனை செய்துகொள்வது இல்லை. இரண்டு கண்களும் அந்தப் புள்ளியில்தான் குவிகின்றன. தலையை இடவலமாக அசைத்தால், பிரமிடின் விளிம்புக்குப் பின்னால் நிற்கும் பொருள் எப்படி நகருமோ அப்படியே உருவமும் நகர்கிறது. மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ஊசிகளை நிறுத்தி, இடமாறு தோற்றம் இல்லாத நிலையைத் தேடிப் பிம்பத்தின் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதையே இங்கும் செய்யலாம். ஒரு பென்சிலைப் பிரமிடின் மேல்வாய் வழியாக நிமிர்த்தி உள்ளே இறக்குங்கள். தலையை அசைக்கும்போது பென்சிலும் உருவமும் ஒன்றாகவே நகர்ந்தால், பிம்பம் இருக்கும் இடம் அதுதான். கண்காட்சிக்கு வருகிறவர்களின் கையில் அந்தப் பென்சிலைக் கொடுத்துச் செய்யச் சொன்னால், எந்த விளக்க அட்டையும் சொல்ல முடியாததை அவர்களே கண்டுகொள்வார்கள்.

ஆனால் அங்கே நிற்கும் உருவத்துக்குப் பருமன் கிடையாது. அது தட்டையான ஓர் அட்டைப் படம். நான்கு பக்கமும் நான்கு தனித்தனி அட்டைகள். ஒரு பக்கத்துக்கு எதிரே இருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் உருவத்தின் விலாப்புறம் தெரியாது. திரை உண்மையாகக் கொடுப்பது இடத்தை மட்டுமே. உடலைச் சேர்ப்பது நம் மூளை. அதனால்தான் இந்த வித்தைக்குச் சுழலும் உருவங்கள் பொருத்தமாக இருக்கின்றன. உளவியலாளர்கள் ஹான்ஸ் வாலக்கும் ஓ’கானலும் 1953இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கம்பியை வளைத்துச் செய்த உருவத்தின் நிழலைத் திரையில் விழவைத்தால், அசையாமல் இருக்கும்போது வெறும் கோடுகளாகத் தெரியும். கம்பியைச் சுழற்றியதும் அதே நிழல் முப்பரிமாணப் பொருளாகிவிடும். ஆகவே பேசும் முகம், அசையாத சின்னம், எழுத்து போன்றவற்றைத் தவிர்த்து, மெதுவாகச் சுழலும் பொருளைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு பொம்மையைச் சுழல்மேடையில் வைத்து, கறுப்புத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு நீங்களே எடுத்த வீடியோ, இணையத்தில் கிடைக்கும் ஜெல்லிமீனைவிட நன்றாக எடுபடும்.

இனி உங்கள் மகளின் பிரமிடுக்கு வருகிறேன்.

உருவம் இரட்டையாகத் தெரிவதற்குக் காரணம் சி.டி. உறையின் தடிமன். தகட்டுக்கு இரண்டு பரப்புகள் உண்டு. முன்பரப்பு ஒரு பிம்பத்தைத் தருகிறது; உள்ளே நுழைந்த ஒளி பின்பரப்பில் பட்டுத் திரும்பி இன்னொன்றைத் தருகிறது. 45 டிகிரி சாய்வில் இந்த இரண்டு பிம்பங்களுக்கும் இடையிலான விலகல், தடிமனில் ஏறத்தாழ முக்கால் பங்கு. 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். உருவமே 2 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும்போது அது நன்றாகத் தெரியும். இதற்குத் தீர்வு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓ.எச்.பி. தாள் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு பிம்பங்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். தாள் வளையும், உப்பும், அதனால் உருவம் நெளியும் என்பது அதன் குறை. மடிக்காமல் தனித்தனித் துண்டாக வெட்டி, விளிம்புகளில் மெல்லிய செல்லோ டேப் ஒட்டினால் ஓரளவு விறைப்பாக நிற்கும். ஃபெவிகுவிக் வேண்டாம், அதன் ஆவி பட்டு ஒட்டிய இடத்தைச் சுற்றிலும் வெள்ளை பூத்துவிடும். கார்களில் முன்கண்ணாடியிலேயே வேகத்தைக் காட்டும் அமைப்பிலும் இந்த இரட்டைப் பிம்பச் சிக்கல் உண்டு. அங்கே கண்ணாடியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தை ஆப்புபோல ஒருபுறம் தடிப்பாக்கி, இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக்குகிறார்கள்.

அளவுகளையும் ஒரு முறை சரிபாருங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பலரும் பயன்படுத்தும் சரிவக அளவு: இணைப்பக்கங்கள் 1 செ.மீ., 6 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. இந்த எண்கள் கணக்கிலிருந்து வந்தவை. 6இலிருந்து 1ஐக் கழித்துப் பாதியாக்கினால் 2.5, அதை 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 3.54. அப்போதுதான் முகம் 45 டிகிரியில் நிற்கும். இந்த 3.5 என்பது இணைகோடுகளுக்கு இடையிலான செங்குத்துத் தூரம். அதைச் சாய்ந்த பக்கத்தின் நீளம் என்று எடுத்துக்கொண்டு வெட்டினால், நான்கு துண்டுகளும் சேரும் கோணம் 360 டிகிரியைத் தாண்டிவிடும்; எவ்வளவு ஒட்டினாலும் பிரமிடாக எழும்பாது. சாய்ந்த பக்கம் ஏறத்தாழ 4.3 செ.மீ. வர வேண்டும். சாய்வு 5 டிகிரி பிசகினாலும் உருவம் 10 டிகிரி சாய்ந்து தெரியும். ஆடியைத் திருப்பும் கோணத்தைப்போல் இருமடங்கு பிம்பம் திரும்பும் என்ற விதிதான்.

மூன்றாவதாக நீங்கள் கவனித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பக்கம் பிரகாசம், இரண்டு பக்கம் மங்கல். செய்முறைக் கோளாறு என்று நினைத்துப் பிளாஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒரு சோதனை செய்யுங்கள். பிரமிடை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் போனை மட்டும் கால் சுற்றுத் திருப்புங்கள். பிளாஸ்டிக்கில் குறை என்றால் மங்கலான முகம் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் அப்படி நடக்காது. மங்கலாக இருந்த முகங்கள் பிரகாசமாகும்; பிரகாசமாக இருந்தவை மங்கும். காரணம் போன் திரையின் ஒளி. அந்த ஒளி தளவிளைவுற்றது, அதாவது அதன் அதிர்வு ஒரே தளத்தில் அமைந்தது. அந்த அதிர்வு தகட்டின் பரப்புக்கு இணையாக அமையும் பக்கத்தில் முன்பரப்பு மட்டுமே 9 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதற்குச் செங்குத்தாக அமையும் பக்கத்தில் 1 சதவீதம்கூட வராது. பின்பரப்பும் பிளாஸ்டிக்கின் உள் இறுக்கமும் இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் கண்ணுக்குத் தப்பாது. போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்று கிடைத்தால் அதன் வழியாகத் திரையைப் பார்த்தபடி போனைத் திருப்புங்கள். பல போன்களில் ஏதோ ஒரு நிலையில் திரை இருண்டுபோகும்.

இதற்குத் தீர்வு, பிரமிடையும் படத்தையும் சேர்த்து 45 டிகிரி திருப்பி வைப்பது. அப்போது நான்கு முகங்களுக்கும் ஒளி சமமாகப் பங்காகும். ஆனால் அப்படித் திருப்பினால் 6 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் எட்டரை செ.மீ. ஆகிவிடும், போனின் அகலம் போதாது; டேப்லெட் வேண்டும். சில திரைகளில் அதிர்வுத் தளம் ஏற்கெனவே சாய்வாகவே இருக்கும்; அவற்றில் இந்தத் தொல்லையே வராது. என்னைக் கேட்டால், இதைச் சரிசெய்வதைவிடக் காட்சிக்கு வைப்பதே மேல். எட்டாம் வகுப்பு மாணவி போனைத் திருப்பிப் பிரகாசம் இடம்மாறுவதைச் செய்துகாட்டினால், நடுவராக வரும் ஆசிரியரும் நின்று கேட்பார்.

மங்கல் என்ற பொதுக் குறைக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சாதாரண போன் திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 500 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் இரண்டு பரப்புகளும் சேர்ந்து சராசரியாகத் திருப்பி அனுப்புவது அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50. டியூப்லைட் எரியும் வகுப்பறையின் வெள்ளைச் சுவர் 75 கேண்டெலா அளவுக்குப் பிரகாசமாக இருக்கலாம். அந்தச் சுவர் பின்னணியாக இருந்தால் உருவம் அதில் கரைந்துவிடும். எனவே அறை முழுவதையும் இருட்டாக்குவதைவிடப் பின்னணியைக் கறுப்பாக்குவது முக்கியம். கறுப்பு சார்ட் தாள் நாம் நினைக்கும் அளவுக்குக் கறுப்பு இல்லை. வெல்வெட் துணி எவ்வளவோ மேல். படத்தின் பின்னணியும் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் கறுப்பு இருக்கும் இடம்தான் ‘காலி இடம்’ ஆகிறது. எல்.சி.டி. திரையில் பின்விளக்கு கொஞ்சம் கசிவதால் உருவத்தைச் சுற்றி ஒரு சாம்பல் நிறச் சதுரம் தெரியும். ஓ.எல்.இ.டி. திரையில் கறுப்புப் புள்ளி உண்மையிலேயே அணைந்திருக்கும். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

நேரம் இருந்தால் நான்கு முகப் பிரமிடை விட்டுவிட்டு ஒற்றைத் தகடு முறைக்கு மாறுங்கள் என்பேன். பிரமிடில் திரையின் ஒரு மூலைதான் ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கிறது. ஒற்றைத் தகட்டில் முழுத் திரையும் ஒரே உருவமாகிறது. முன்புறம் திறந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, டேப்லெட்டைக் கூரையாக, திரை கீழே பார்க்கும்படி வையுங்கள். தகட்டின் கீழ் விளிம்பு பார்ப்பவர் பக்கமாகவும், மேல் விளிம்பு உள்ளே பின்னுக்கும் இருக்க வேண்டும். உருவத்தின் தலை உள்பக்கம், கால் வெளிப்பக்கம். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுவதை மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். தகட்டின் மேல் விளிம்புக்குப் பின்னாலும் ஒரு சாண் இடம் விட்டுப் பெட்டியை ஆழமாகச் செய்தால் பிம்பத்துக்கு முன்னும் பின்னும் நிஜப் பொருள்களை வைக்கலாம். முழு வித்தையும் இங்கேதான் இருக்கிறது. வெறும் இருட்டில் மிதக்கும் வண்ணத்துப்பூச்சி ஒரு வீடியோதான். ஒரு நிஜச் செடியின் இலைக்கு நேராக, சரியான ஆழத்தில் அது சிறகடித்தால் பார்ப்பவர் கை நீட்டுவார்.

பெப்பர் செய்ததும் இதுவே. கண்ணாடிக்குப் பின்னால் மேடையில் நிஜ நடிகர்; பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பள்ளத்தில், சுண்ணாம்பு விளக்கின் கடும் வெளிச்சத்தில் ‘ஆவி’. இரண்டும் ஒரே இடத்தில் தெரிந்ததால்தான் அரங்கம் மிரண்டது. மூலக் கருத்து ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. அவருடைய அமைப்புக்கு அரங்கையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. இருக்கும் அரங்குகளிலேயே செய்யும்படி பெப்பர் அதை எளிமையாக்கினார். இருவரும் சேர்ந்தே காப்புரிமை பெற்றார்கள். பெயர் மட்டும் ஒருவருக்குப் போய்விட்டது. மகளின் விளக்க அட்டையில் டிர்க்ஸின் பெயரும் இருக்கட்டும்.

2012இல் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில், 1996இலேயே இறந்துபோன டூபாக் ஷகூர் மேடையேறிப் பாடியதும் இதே முறையில்தான். கண்ணாடிக்குப் பதில் இழுத்துக் கட்டிய மெல்லிய ஒளிபுகும் படலம். அதே ஆண்டு குஜராத் சட்டமன்றத் தேர்தலிலும், 2014 மக்களவைத் தேர்தலிலும் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர்களில் தோன்றிப் பேசியதும் இவ்வகைதான். 2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட்டில் திறக்கப்பட்ட 28 அடி நேதாஜி ‘ஹாலோகிராம் சிலை’ வேறு வகை: 30,000 லூமென் புரொஜக்டரின் ஒளியை ஒளிபுகும் திரையில் வீழ்த்திய படம்.

அப்படியானால் உண்மையான ஹாலோகிராம் எது? பொருளிலிருந்து கிளம்பும் ஒளி அலையை, அது வரும் திசைகளோடு சேர்த்து, குறுக்கீட்டுக் கோலமாக, அதாவது இரண்டு ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் உண்டாகும் நுண்ணிய கோடுகளாகப் பதிவுசெய்து மீண்டும் எழுப்புவது. டென்னிஸ் கேபர் 1947இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்த முயன்றபோது கண்டுபிடித்தார். 1971இல் நோபல் பரிசு பெற்றார். லேசர் வந்த பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்மெட் லீத்தும் ஜூரிஸ் உபட்னீக்ஸும் அதைக் கண்ணுக்கு விருந்தாகும் காட்சியாக்கினார்கள். அதில் தலையை நகர்த்தினால் பொருளின் விலாப்புறம் தெரியும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், விலகி நின்று பார்த்தால் காட்டும். படச்சுருளை இரண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் முழுக் காட்சியும் இருக்கும். இதற்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளைப் பதிய வேண்டும். நல்ல போன் திரையில் ஒரு மில்லிமீட்டருக்கு இருப்பவை ஏறக்குறைய 16 புள்ளிகள். அதன் ஒளி அலைகளும் லேசரில் உள்ளதைப் போல ஏற்ற இறக்கம் ஒத்து வருவது இல்லை. எந்தச் செயலியைத் தரவிறக்கினாலும் போன் திரை ஹாலோகிராம் ஆகாததற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

சாதாரணத் திரையை ஏமாற்றி ஆழம் காட்ட வேறு வழிகளும் இருக்கின்றன. பார்ப்பவரின் தலை இருக்கும் இடத்தைக் கேமராவால் கண்டறிந்து, அதற்கேற்பப் படத்தை நொடிக்குப் பலமுறை மாற்றி வரைவது ஒன்று. ஜானி சுங் லீ 2007இல் ஒரு விளையாட்டுச் சாதனத்தின் உணரியைக் கொண்டு, சாதாரணத் தொலைக்காட்சியை ஜன்னல்போல ஆக்கிக் காட்டினார். பார்ப்பவர் ஒருவருக்கு மட்டுமே அது சரியாகத் தெரியும், அதுவும் ஒற்றைக் கண்ணுக்கு. டோக்கியோ ஷின்ஜுகுவில் 2021 முதல் எட்டிப் பார்க்கும் ராட்சதப் பூனை, வளைந்த எல்.இ.டி. பலகையில் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்காக வரையப்பட்டது. வேறு பக்கம் போய் நின்றால் கோணல்மாணலாகிவிடும். பிரமிடு தருகிற உண்மையான ‘இடம்’ இவை இரண்டிலும் இல்லை. இது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஆனாலும் கண் குவியும் ஆழத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் பிளாஸ்டிக் தாள் அந்தப் பூனையைவிட ஒருபடி மேலே நிற்கிறது.

விசிறி விஷயம். சுழலும் தண்டில் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள்; தண்டு எந்தக் கோணத்தில் இருக்கும்போது எந்த விளக்கு எரிய வேண்டும் என்று கணக்கிட்டு அணைத்து ஏற்றுகிறார்கள். பார்வை நீடிப்பால் முழுப் படமாகத் தெரிகிறது. இருட்டான கடை முகப்பில் அது அழகுதான், பிரகாசமும் அதிகம். ஆனால் அதன் படம் தண்டு சுழலும் தளத்திலேயே தட்டையாக இருக்கிறது. வாங்கி வைத்தால் வாங்கி வைத்ததாகத்தான் இருக்கும். அதைப் பற்றி அவளால் சொல்ல முடிவது பெட்டியில் அச்சிட்டிருப்பதைத்தான். அதைவிட முக்கியம், சுழலும்போது தண்டு கண்ணுக்கே தெரியாது. மூடி இல்லாத விசிறியைக் குழந்தைகள் கூடும் மேசையில், கை எட்டும் உயரத்தில் வைக்கவே கூடாது; மிதக்கும் உருவத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் எல்லாக் குழந்தைகளும் விரலை நீட்டும். அந்தப் பணத்தில் ஒரு மீட்டர் கறுப்பு வெல்வெட்டும் நாலைந்து ஓ.எச்.பி. தாள்களும் வாங்கிக் கொடுங்கள். தாளில் கைரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து வெட்டச் சொல்லுங்கள். இருட்டில் ஒவ்வொரு ரேகையும் தெரியும்.